சுவர்கள் எழுந்தன; நூலகம் எழுந்ததா?

அண்மையில் எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். வெண்ணிறச் சுவர்களும் நடுவே உயர்ந்த குவிமாடமும் முன்றிலிற் கலைமகள் சிலையுமாக நிமிர்ந்து நிற்கும் அக்கட்டடத்தை மாணவர் வியந்து நோக்கினர். அவர்களுள் ஒருத்தி என்னருகே வந்து, "எரிஞ்ச நூலகம் எங்க சேர் இருக்கு?" என்று வினவினாள். எரிந்தது இதுதான் என்றேன். அவள் என்னை நம்பாதவள்போல நோக்கிவிட்டு, சுவரைக் கையாலே தடவிப் பார்த்தாள். அங்கே அவள் கைக்குத் தடம் எதுவும் தட்டுப்படவில்லை.

பதினேழு வயதினளான அம்மாணவி போர் ஓயும் தறுவாயிலே பிறந்தவள். எரிந்த நூலகம் என்றதும் கரிபடிந்த ஒரு சிதைவே அவள் மனக்கண்ணில் தோன்றியிருக்கும். வீட்டிலே மூத்தோர் சொன்ன கதையில் வருவது அதுவே. கண்முன் நிற்பதோ மாசுமறுவற்ற மாளிகை. இவ்விரண்டினையும் இணைக்கும் சொல் எதுவும் அச்சுவரிலிருந்து அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவளது வினாவினை அறியாமையின்பாற் படுத்தி ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. அழிக்கப்பட்ட பொதுக் கட்டடம் ஒன்றைப் புதுக்குவதென்பதன் பொருள் யாது? பழைய உருவத்தை மீளத் தோற்றுவிப்பதா? அழிவின் தடத்தைத் துடைத்துவிடுவதா? அல்லது எப்பணிக்காக அக்கட்டடம் எழுந்ததோ அப்பணியை மீண்டும் தொடக்கி வைப்பதா? இவற்றுக்கு விடை காண விழைவோர் அந்நூலகத்தின் வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் அரசனொருவனின் கொடையாகத் தோன்றியதன்று. பெருஞ்செல்வர் ஒருவரின் அறக்கட்டளையினால் எழுந்ததுமன்று. 1933ஆம் ஆண்டில் நீதிமன்றத்திலே பணியாற்றிய கே. எம். செல்லப்பா என்பார் தமது வீட்டிலிருந்த நூல்களை அயலாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டுமென அவர் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1934 யூன் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கூட்டமொன்று நடைபெற்றது, நீதிபதி சி. குமாரசுவாமி தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் குழுவொன்று அமைந்தது. 1934 ஒகஸ்ட் 1ஆம் திகதி ஆசுபத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த அறையொன்றில் 844 நூல்களோடும் ஏறக்குறைய முப்பது பத்திரிகைகளோடும் சஞ்சிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. மறுவருடம் அது நகரசபையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகள் நடைபெற்ற காலத்தை நாம் மறந்துவிடலாகாது. 1931ஆம் ஆண்டிலேதான் இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் வேண்டி அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும், சாதி வேற்றுமைக்கு எதிராகக் குரலெழுப்பியதும் அதே காலப்பகுதியிலாகும். அதுவரை யாழ்ப்பாணத்தில் ஏடும் நூலும் பெரும்பாலும் மடங்களிலும் மிசன் கல்லூரிகளிலும் வசதி படைத்தோரின் வீட்டு அலுமாரிகளிலுமே இருந்து வந்தன. யார் எதனைப் படிக்கலாம் என்பதைப் பிறப்பும் பணமும் தீர்மானித்த சமுதாயம் அது. பாடசாலை வாங்கிலே சமமாக உட்காரும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்த காலத்தில், எவரும் வந்தமர்ந்து படிக்கத்தக்க இலவச நூல்நிலையம் வேண்டுமென்ற கோரிக்கை வெறும் இலக்கிய ஆர்வத்தின் விளைவாக இருந்திருத்தல் இயலாது. வாக்குரிமை பெற்ற மனிதன் அறிவுரிமையும் பெறவேண்டும் என்னும் சனநாயக எண்ணத்தின் வெளிப்பாடே அஃது எனலாம். நடைமுறையில் அவ்வெண்ணம் முற்றாக நிறைவேறிற்று என்று நான் கூற வரவில்லை. ஆயினும் "பொதுசன" என்னும் அடைமொழி வெறும் அலங்காரமாக அப்பெயரில் ஏறவில்லை என்பதை வற்புறுத்த விரும்புகிறேன்.

1949ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மாநகரசபையாக உயர்ந்தது. வளர்ந்து வந்த நூற்றொகுதிக்கு ஏற்றதொரு நிலையான கட்டடம் வேண்டுமென்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது. முதல் நகரபிதா சாம் சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளாரும் இம்முயற்சியில் முன்னின்றனர். களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்களும் நடத்திப் பணம் திரட்டப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூலியாளும் சீட்டு வாங்கிய கடைச்சிப்பந்தியும் கொடுத்த சில்லறைக் காசுகளும் அம்மாளிகையின் அத்திவாரத்திற் கிடக்கின்றன. சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரவழைக்கப்பட்டார், நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி நகரபிதா அல்பிரட் துரையப்பாவினால் நூலகம் திறந்துவைக்கப்பட்டது. பின்னர் 1967இற் சிறுவர் பகுதியும், 1971இற் கேட்போர் கூடமும் அதனோடு சேர்ந்தன.

இரங்கநாதனின் தொடர்பு தற்செயலானதன்று. நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து அவர் தமது நூலை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவ்விதிகளின் தொடக்கம். நூலகம் வளர்ந்துகொண்டே செல்லும் உயிர்ப்பொருள் என்பது அவற்றின் முடிபு. இவ்விரு கருத்துகளையும் வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். நூலகத்தைப் புதுக்கும் வேலையை மதிப்பிடுவதற்கு இவற்றினும் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

1981ஆம் ஆண்டளவில் நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. ஏட்டுச் சுவடிகளும், பழைய பத்திரிகைத் தொகுப்புகளும், ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா முதலியோர் பெயரால் அமைந்த சிறப்புத் தொகுதிகளும் அவற்றுட் சேர்ந்திருந்தன. அவ்வாண்டு யூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31ஆம் திகதி நாச்சிமார் கோயிலடியில் நிகழ்ந்த தேர்தற் கூட்டமொன்றிற் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து நகரிலே வெறியாட்டம் தொடங்கிற்று. கடைத்தெரு எரிந்தது, யாழ்ப்பாணத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் வீடு எரிந்தது, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது, பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. அந்நாள்களின் இரவொன்றிலேயே நூலகமும் தீயிடப்பட்டது. சீருடையணிந்த பொலிசாரும் அவரோடு சேர்ந்த காடையர் கூட்டமும் அதனைச் செய்தனர் என்பதே கண்டவர் சாட்சியம். அமைச்சர் இருவர் அவ்வேளையில் யாழ்ப்பாண நகரிலேயே தங்கியிருந்தனர். புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து தீச்சுவாலையைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அவ்வதிர்ச்சியிலே உயிர்நீத்தார்.

இதனை இனவெறியின் செயல் என்று கூறுவதோடு அமைந்துவிடுதல் போதாது. 1980 யூலையில் வேலைநிறுத்தஞ் செய்த பல்லாயிரம் தொழிலாளரை ஒரே நாளில் வீதிக்கு அனுப்பியதும் இதே அரசாங்கமாகும். தெற்கிலே தொழிற்சங்கத்தின் முதுகெலும்பை முறிக்க முற்பட்ட கை, வடக்கிலே ஒரு மக்கட் கூட்டத்தின் அறிவுநிலையத்தின் மீது தீயை வைக்க அனுமதித்தது. ஒன்றிலே வர்க்கமும் மற்றையதிலே இனமும் முன்னின்ற போதிலும், எதிர்த்து நிற்கும் மக்களை நினைவும் அமைப்பும் அற்றவராக்குதல் என்னும் நோக்கம் இரண்டிற்கும் பொதுவானது. தெற்கிலே மனச்சான்று படைத்தோர் இதனை உணர்ந்தனர், கிழக்கிலங்கையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் எழுதிய "புத்தரின் படுகொலை" என்னும் கவிதை எரித்தவர்களின் அறத்தையே கேள்விக்குள்ளாக்கிற்று.

இழப்பைப் பற்றிப் பேசும்போது நாம் உண்மைக்குக் கட்டுப்பட்டவராதல் வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அங்கு எரிந்தது என்று மேடைகளிற் பலகாலுங் கூறப்படுகிறது. வைபவமாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறிய நூல். பிரிற்றோ என்பார் 1879ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலத்திலும் பெயர்த்துள்ளார். அது அழிந்துவிடவில்லை, இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மிகைப்படுத்திக் கூறுவதனால் இழப்பின் பாரம் கூடிவிடாது. மாறாக, மறுப்போர் கையிலே நாமே ஓர் ஆயுதத்தைக் கொடுத்தவராவோம். அச்சிட்ட நூலுக்கு வேறிடத்திலே பிரதி கிடைக்கலாம். ஒற்றை ஏட்டுச் சுவடிக்கும், கிராமத்துச் சங்கமொன்று வெளியிட்ட துண்டுப் பிரசுரத்துக்கும், சிறுசஞ்சிகையொன்றின் இரண்டாம் இதழுக்கும் பிரதி எங்கே கிடைக்கும்? பெருநூல்களைக் காட்டிலும் இத்தகைய எளிய எழுத்துகளிலேயே சாதாரண மக்களின் வரலாறு பெரும்பாலும் தங்கியிருக்கிறது. மீட்க இயலாதவாறு அழிந்தது அதுவே.

எரிந்த மறுவருடமே மக்கள் மீளெழுச்சியிற் கை வைத்தனர். 1982இல் நூலக வாரம் கொண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கான நூல்கள் சேர்க்கப்பட்டன. திருத்த வேலைக்கான திட்டத்தை வரையும் பொறுப்பு கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தீயுண்ட முன்பகுதியை எரிந்த நிலையிலேயே நினைவுச்சின்னமாகக் காத்து, பின்புறத்தில் நூலகத்தை விரித்துக் கட்டலாம் என்பது அவர் முன்வைத்த யோசனை. எரிந்த சுவரைத் தொடாதே என்றோர் அக்காலத்திற் பலர் இருந்தனர். அவர்கள் கூற்றிலே நியாயம் உண்டு. கரிபடிந்த சுவர் பொய் சொல்லாது. அதற்கு விளக்கவுரையும் வேண்டியதில்லை. எனினும் படிக்க இடமின்றி நின்ற மாணவனுக்கு நினைவுச்சின்னம் மாத்திரம் போதுமா என்ற வினாவும் எழவே செய்தது. துரைராசாவின் யோசனை இவ்விரு தேவைகளையும் ஒருங்கே கருத்திற் கொண்டமையே அதன் சிறப்பு. நினைவு ஒரு பக்கத்திலும் பயன் மறுபக்கத்திலுமாக, ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் வகையில் அஃது அமைந்திருந்தது.

1984இல் நூலகத்தின் ஒரு பகுதி மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. ஆயின் அதற்குள் 1983 யூலை வந்து போயிருந்தது, போர் தொடங்கியிருந்தது. கோட்டையிலே இராணுவமும் அதனைச் சூழ்ந்து போராளிகளும் நிலைகொண்டபோது, கோட்டைக்கு அயலிலிருந்த நூலகம் இரு தரப்பின் சூட்டுக்கும் நடுவே அகப்பட்டது. 1985ஆம் ஆண்டில் அருகிலிருந்த பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஓரளவு திருத்தப்பட்டிருந்த கட்டடத்தினுள் இராணுவத்தினர் புகுந்து குண்டுகளை வெடிக்கவைத்தனர். மக்கள் சேர்த்துக் கொடுத்த நூல்கள் சிதறின. அதன் பின்னர் நூலகம் கைவிடப்பட்டது. கூரையிழந்து, துளைபட்ட சுவர்களோடு அது நின்ற காட்சியைத்தான் எம் தலைமுறையினர் சிறுவயதிற் கண்டோம். நூலகம் என்னும் சொல்லைப் பாலர் வகுப்பிற் படித்த எமக்கு, அச்சொல்லின் பொருளாகக் கண்ணெதிரே இருந்தது அச்சிதைவே.

1998ஆம் ஆண்டில் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் நூலகத்தை மீளக் கட்டும் வேலையைத் தொடங்கிற்று. நாடெங்கிலும் நூலும் செங்கல்லும் சேர்க்கும் இயக்கமொன்று இதற்கெனவே முன்னெடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் அமெரிக்க டொலர் செலவாயிற்று. 25,000க்கு மேற்பட்ட நூல்கள் திரட்டப்பட்டன. 2001ஆம் ஆண்டளவிற் கட்டடம் நிறைவெய்தியது. முன்னைய தோற்றம் ஏறத்தாழ அவ்வண்ணமே மீண்டது. எரிந்த பகுதியைக் காத்துவைக்கும் யோசனை கைவிடப்பட்டது. 2003 பெப்ரவரியில் நடைபெறவிருந்த திறப்பு விழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பினால் தடைப்பட்டது. விழாவை ஒத்திவைக்குமாறு தம்மீது செலுத்தப்பட்ட நெருக்குதலைக் கண்டித்து மாநகரசபை உறுப்பினர் அனைவரும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். பின்னரே நூலகம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இம்மீள்கட்டுமானத்தை எவ்வாறு மதிப்பிடுவது? மாத்தறையிலோ குருநாகலிலோ வாழ்ந்த ஒரு சிங்கள ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து ஒரு செங்கல்லின் விலையைக் கொடுத்திருப்பாளாயின், அக்கொடையை இழித்துரைக்கும் உரிமை எமக்கில்லை. எரித்தது சிங்கள மக்களல்லர் என்பதற்கு அச்செங்கல்லே சான்று. ஆயின் மக்களின் கொடை வேறு, ஆட்சியாளரின் கணக்கு வேறு. போர் உச்சநிலையில் நடந்துகொண்டிருக்க, உலகத்தின் கண்முன் நல்லெண்ணத்தை நிலைநாட்டுவதற்கு வெள்ளைச் சுவரொன்று அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. அச்சுவரின் பின்னே எரிப்புப் பற்றிய விசாரணை மறைந்து போயிற்று. 1981ஆம் ஆண்டிலேயே சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் வந்து ஆராய்ந்த வேர்ஜினியா லீறி எரிப்புப் பற்றி விசாரணை வேண்டுமென எழுதினார். 2016 டிசெம்பரிற் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். எரித்தமைக்காக எவரும் தண்டனை பெற்றதாக வரலாறு இல்லை. சீமெந்து கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை. விழாவைத் தடுத்தோரும் இவ்வுண்மையைச் சுட்டிக்காட்டியதோடு நின்றிருப்பின் நாம் உடன்பட்டிருக்கலாம். மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபையை நெருக்கி, படிக்கக் காத்திருந்த மாணவரின் முன் கதவைச் சாத்தியதை எவ்வாறு ஏற்பது? நூலகத்தைத் தம் கொடியேற்றும் கம்பமாக மாத்திரம் நோக்கும் பழக்கம் ஆட்சியாளருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அழிந்த நூலகத்தைப் புதுக்கும்போது அழிவின் கதையைச் சுவரில் எழுதுவதா என்னும் இப்பிரச்சினை எமக்கு மட்டும் உரியதன்று. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகம் 1914 ஒகஸ்ட் மாதத்தில் ஜேர்மானியப் படையினராற் கொளுத்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. போரின் முடிவில் எழுந்த வேர்சாய் உடன்படிக்கை, எரிந்தவற்றுக்கு ஈடான நூல்களை ஜேர்மனியே கொடுத்தல் வேண்டுமென விதித்தது. அமெரிக்க மக்களின் நன்கொடையாற் புதிய கட்டடம் 1928ஆம் ஆண்டில் எழுந்தது. ஜேர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் மீண்டது என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் ஒரு வாசகத்தை முகப்பிலே பொறிக்கக் கட்டடக் கலைஞர் வொறன் விரும்பினார். பகையைக் கல்லிலே நிலைப்படுத்தலாகாதெனப் பல்கலைக்கழகத் தலைவர் மறுத்தார். நீண்ட வழக்கின் பின் வாசகமின்றியே முகப்பு நின்றது. 1940இல் அந்நூலகம் மீண்டும் எரிந்தது. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் நூல்கள் அழிந்தன. அது மூன்றாம் முறையும் எழுந்தது.

பொஸ்னியாவின் சரயேவோ நகரில் 1896ஆம் ஆண்டு நகரமண்டபமாக எழுந்து பின்னர் தேசிய நூலகமாக விளங்கிய கட்டடமும் எம் நினைவுக்கு வருதல் தகும். 1992 ஒகஸ்டில் மலைகளிலிருந்து வீசப்பட்ட எறிகணைகளால் அது எரிந்தது. 2014ஆம் ஆண்டில் அதனைப் புதுக்கித் திறந்தபோது, எரித்தவரை அவர்தம் இனத்தின் பெயராற் சுட்டும் கல்லொன்று வாயிலிலே நிறுத்தப்பட்டது. லூவேனிலே மௌனம் வென்றது. சரயேவோவிலே குற்றச்சாட்டு வென்றது. இரண்டிலும் குறையுண்டு. வாசகம் இல்லாத முகப்பு வரலாற்றை மறைக்கிறது. இனப்பெயர் பொறித்த கல்லோ, குற்றமிழைத்த ஆட்சியையும் படையையும் விடுத்து, குற்றமறியாத குழந்தையின்மீதும் பழியை ஏற்றிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து நூலகத்தின் வாயிலிலே மும்மொழியிலும் ஒரு கல் வேண்டும். 844 நூல்களோடு அது தொடங்கிய வரலாறும், எவர்தம் காசினால் எழுந்தது என்பதும், எந்நாள்களில் எந்த அரசாங்கத்தின் எப்படையினர் முன்னிலையில் எரிந்தது என்பதும், எத்தனை நூல்கள் அழிந்தன என்பதும், எவருக்கும் தண்டனை விதிக்கப்படவில்லை என்பதும், தெற்கிலிருந்தும் செங்கற்கள் வந்தன என்பதும் அதிற் பொறிக்கப்படுதல் வேண்டும். இதிலே எவ்வினத்தின் பெயரையும் இழுக்கத் தேவையில்லை. எவருக்கும் அஞ்சி உண்மையை விழுங்கவும் தேவையில்லை. தென்னிலங்கையிலிருந்து சுற்றுலா வரும் பாடசாலைப் பிள்ளை அதனைச் சிங்களத்திலே படிக்குமாயின், அக்கல் ஒரு பாடநூலின் வேலையைச் செய்யும்.

சுவரைப் பற்றியது இது. நூற்றொகுதியைப் புதுக்குதல் இதனினும் கடினமானது. அன்பளிப்பாக வந்த நூல்கள் தொகையிற் பலவாயினும், கொடுப்பவர் கையில் மிஞ்சியிருந்தவையே பெரும்பாலும் வருதல் இயல்பு. எரிந்ததோ ஐம்பது ஆண்டுகளாகத் தேர்ந்து சேர்த்த தொகுதி. எரிந்த நூல்கள் எவையென, வாசகரின் நினைவிலும் பழைய ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளிலுமிருந்து தேடித் தொகுத்து ஒரு பட்டியலை ஆக்குதல் இத்துறையில் முதற்பணியாதல் வேண்டும். பின்னர் அவற்றின் பிரதிகளைச் சென்னையிலும் இலண்டனிலும் கொழும்பிலும் எம் கிராமத்து வீடுகளின் பரண்களிலும் தேடலாம். இத்திசையிலே பெருமுயற்சி செய்தோர் அரசாங்கத்தினரல்லர். 2005ஆம் ஆண்டில் தன்னார்வ இளைஞர் சிலர் நூலகம் என்னும் பெயரிலேயே மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடிப் பலரும் படிக்கத் தந்து வருகின்றனர். 1933இல் தன் வீட்டு நூல்களை இரவல் கொடுத்த அந்த நீதிமன்ற ஊழியரின் வழியிலே வந்தவர் இவர்களென்று நான் கருதுகிறேன். ஒரே கட்டடத்தினுள் ஒரே பிரதியை வைத்திருந்தமையாலேயே ஒரே இரவில் யாவும் அழிந்தன. பல பிரதிகளைப் பல இடங்களில் வைப்பதே தீக்கு எதிரான உறுதியான மதில்.

இப்போது நூலகத்தை நவீனமயப்படுத்தல் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் யாழ்ப்பாண நூலகத்திற்கென 100 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. இதனை வரவேற்க வேண்டியதே. ஆயினும் நவீனம் என்றதும் பளபளக்கும் தரையோடும் கண்ணாடிக் கதவும் கணினித் திரையுமே எம்மவர் மனத்தில் முதலில் தோன்றுகின்றன. கடனீரேரியை அடுத்து நிற்கும் கட்டடம் இது. உப்புக்காற்று சீமெந்தின் நுண்துளை வழியே புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருத்துச் சீமெந்தை வெடிக்கச் செய்யும். மேலும், ஏறக்குறைய 600 பாகை வெப்பத்திலே கம்பி தன் வலிமையிற் பாதியை இழந்துவிடும் என்பர் பொறியியலாளர். ஆதலின் ஒருமுறை எரிந்த கட்டடத்துக்கு வெள்ளைப் பூச்சைக் காட்டிலும் தொடர்ந்த பரிசோதனையே முக்கியமானது. மாரியின் ஈரமும் கோடையின் வெக்கையும் மாறி மாறித் தாக்கும் எம் நாட்டிலே கடதாசியும் ஏடும் கெடாதிருக்கக் காற்றும் ஈரமும் அளவிற் பேணப்படும் காப்பறை வேண்டும். மின்தடை ஏற்படும் நாளிலும் அவ்வறை இயங்குதல் வேண்டும். பயிற்சி பெற்ற பேணுநர் வேண்டும். இவை எவையும் திறப்பு விழாப் படத்தில் விழமாட்டா. ஆதலினாலேயே இவற்றை நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டியுள்ளது.

இவையாவும் வாசகனுக்காகவே. அன்று எம் மாணவரோடு வாசிப்பு மண்டபத்தினுள் நுழைந்தபோது, மேசைகளில் இளைஞர் பலர் தலைகுனிந்து படித்துக்கொண்டிருக்கக் கண்டேன். அணுகிப் பார்த்தேன். பெரும்பாலோர் முன் விரிந்திருந்தவை அவர்கள் கொண்டுவந்த தனியார் வகுப்புக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களுமாம். சுற்றிலும் அலுமாரிகளில் நூல்கள் தொடுவாரின்றி நின்றன. பரீட்சையையே வாழ்வின் ஒரே வாயிலாக ஆக்கிவிட்ட கல்விமுறையின் குற்றத்தை அப்பிள்ளைகள் மேற் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. ஆசிரியனாகிய எனக்கும் அதிற் பங்குண்டு. தீயினால் அழிந்த நூலைக் குறித்து ஆண்டுதோறும் கண்ணீர் விடும் நாம், தீண்டப்படாமையினால் அழியும் நூலைக் குறித்து வாளாவிருக்கின்றோம். நூல்கள் பயன்பாட்டிற்கே என்ற இரங்கநாதனின் முதல் விதியை மீறுவதற்குத் தீவட்டி வேண்டியதில்லை, அலட்சியமே போதும்.

ஆகவே நவீனமயமாக்கலின் உண்மையான வேலை குவிமாடத்துக்கு வெளியே தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஊர்தோறும் விளங்கிய வாசிகசாலைகளிற் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றிலே நாளேடு மட்டும் வந்து போகிறது. நகரத்து நூலகத்தின் நூல்கள் தீவுப்பகுதிக்கும் வன்னியின் மீள்குடியேற்றக் கிராமங்களுக்கும் செல்லும் வகை காணப்படுதல் வேண்டும். வேலை முடித்து வரும் தொழிலாளிக்காக இரவிலும் கதவு திறந்திருத்தல் வேண்டும். கண்பார்வையற்றோர் கேட்டுப் பயிலும் ஒலிநூல்கள் வேண்டும். பாடசாலையின் நேரசூசியிலே நூலகத்துக்கென ஒரு பாடவேளையேனும் ஒதுக்கப்படுதல் வேண்டும். வளரும் உயிர்ப்பொருள் என்று நூலகத்தைக் கூறியதன் கருத்து இதுவே. 1959ஆம் ஆண்டின் உருவத்தை அப்படியே நிறுத்திவைப்பது உயிருக்கு இலக்கணமாகாது.

அன்று மாலை புறப்படும்போது, சுவரைத் தடவிப் பார்த்த அம்மாணவியை முன்றிலில் உட்காரச் செய்து, இங்கே எழுதியவற்றுட் பெரும்பகுதியை மற்றை மாணவருக்கும் சேர்த்துக் கூறினேன். அவர்களுட் பலர் இவ்வரலாற்றை முதன்முறையாகக் கேட்டனர். நூலகத்துக்கு அயலிலே வாழ்ந்து, ஆண்டுதோறும் அதன் வழியே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் அவர்கள். சுவர் சொல்லாததை ஆசிரியரும் சொல்லாது விடுவோமாயின், எரித்தவர் தொடங்கிய வேலையை நாமே முடித்து வைத்தவராவோம். அடுத்த வாரம் அம்மாணவி தனியே சென்று உறுப்பினராகச் சேர்ந்து, ஒரு நூலை இரவல் பெற்று வந்தாள். பதிவேட்டிலே விழுந்த அந்த ஒரு பெயரைப் போல ஆயிரம் பெயர்கள் விழும் நாளிலேதான் அந்நூலகம் மீண்டுவிட்டதென நாம் கூறலாம்.